மறைந்துபோன வெளிச்சம்: கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் வியாபாரிக்குச் சொல்லும் பாடம்

கொழும்புக் கோட்டையில் செத்தம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கின்ற இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. புறக்கோட்டைப் பக்கம் இருக்கின்ற கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை நான் சொல்லவில்லை. அது வேறு. இது கோட்டைக்கு உள்ளே, பழைய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்பது. வங்கி அலுவலுக்கும் துறைமுக அலுவலுக்கும் போய்வருகின்ற நம்மவர்கள் அதைப் பல நூறு தடவைகள் கடந்து சென்றிருப்பார்கள். நேரம் பார்த்திருப்பார்கள். ஆனால், மணிக்கூட்டுக்கும் மேலே உச்சியில் இருக்கின்ற கண்ணாடிக் கூட்டை எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

அந்தக் கண்ணாடிக் கூடு ஒரு விளக்கின் வீடு. இந்தக் கோபுரம் ஒரு காலத்தில் கொழும்பின் வெளிச்சவீடாக இருந்தது. நடுக்கடலில் வருகின்ற கப்பல்களுக்கு 85 வருடங்கள் வழிகாட்டியது. பின்னர் ஒருநாள் அதன் விளக்கு அணைக்கப்பட்டது. விளக்கு பழுதாகியதால் அணைக்கவில்லை. ஏன் அணைத்தார்கள் என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்வது நல்லது என்பதனாலேயே இந்த வாரம் இதை எழுதுகின்றேன்.

கோபுரம் பிறந்த கதை

இந்தக் கோபுரம் முதலில் மணிக்கூட்டுக்காகத்தான் கட்டப்பட்டது. காலம் 1857. அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்தவர் சேர் ஹென்றி வோர்ட். கோபுரத்தின் வடிவமைப்பைச் செய்தவர் அவருடைய மனைவி எமிலி எலிசபெத் வோர்ட். உயரம் சுமார் 29 மீற்றர், அதாவது 95 அடி. இன்றைய கொழும்பில் இது ஓர் உயரமே அல்ல. அன்றோ சுற்றிவர இருந்த கூரைகளுக்கெல்லாம் மேலாக அது தனித்து நின்றது. கடலில் இருந்து பார்த்தாலும் தெரிந்தது.

பத்து வருடங்கள் கழித்து, 1867 இல், அதே கோபுரத்தின் உச்சியில் வெளிச்சவீட்டு விளக்கைப் பொருத்தினார்கள். உயரமான கட்டடம் ஒன்று ஏற்கனவே இருக்கின்றது. அத்திவாரமும் படிக்கட்டும் இருக்கின்றன. அதன் தலையில் விளக்கை வைத்தால் போதும். ஒரே கோபுரம் நகரவாசிகளுக்கு நேரத்தையும் கடலோடிகளுக்குத் திசையையும் காட்டியது. ஒரே வாடகைக்கு இரண்டு வியாபாரம் செய்கின்ற கெட்டிக்காரத்தனம் என்று இதைச் சொல்லலாம்.

இந்த முடிவு நல்ல நேரத்தில் எடுக்கப்பட்ட முடிவாகவும் அமைந்தது. இரண்டே வருடங்களில், 1869 இல், சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் கப்பல் போக்குவரத்துப் பெருகியது. 1875 இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் அது கட்டி முடிக்கப்பட்டது. கொழும்பு பெரிய துறைமுகமாகியது. கப்பல் வந்தது, சரக்கு வந்தது, புறக்கோட்டையும் வளர்ந்தது.

வெளிச்சவீடு எப்படி வேலை செய்கிறது?

வெளிச்சவீடு என்றால் ஒரு பெரிய பல்ப் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விளக்கைவிட முக்கியமானது அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிதான். சாதாரண விளக்கின் வெளிச்சம் மேலே, கீழே, நாலா பக்கமும் சிதறிப் போகும். கடலில் உள்ள கப்பலுக்கு அதில் சிறு பங்குதான் போய்ச் சேரும். 1820களில் ஒகஸ்டின் பிரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதற்கு ஒரு வழி கண்டார். பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகளை வளையம் வளையமாக அடுக்கி, சிதறுகின்ற வெளிச்சத்தையெல்லாம் மடக்கி, தொடுவானத்தை நோக்கி ஒரே கற்றையாக அனுப்பினார். எண்ணெய் விளக்கின் வெளிச்சம் பல மைல் தூரம் சென்றது இப்படித்தான்.

அந்தக் கண்ணாடியை ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டும். எண்ணெய் விளக்கின் புகைக்கரி ஒருபுறம், கடற்காற்றின் உப்பு மறுபுறம். துடைக்காமல் விட்டால் விளக்கு எரியும், வெளிச்சம் போகாது. எண்ணெய் விளக்குக் காலத்தில் வெளிச்சவீட்டுக் காவலர்களின் பகல் வேலையில் பெரும்பகுதி இந்தத் துடைக்கும் வேலைதான்.

அடுத்தது அடையாளம். ஒரு கரையோரத்தில் பல வெளிச்சவீடுகள் இருக்கும்போது, எது எந்த ஊர் என்று மாலுமிக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒன்று இத்தனை செக்கனுக்கு ஒருமுறை மின்னும். இன்னொன்று இரண்டு தடவை மின்னி இடைவெளி விடும். மாலுமி செக்கன் எண்ணிப் பார்த்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இது கொழும்பு, இது பேருவளை, இது காலி என்று அறிந்துகொள்வார். பக்கத்து வெளிச்சவீட்டைப் போலவே மின்னினால் கப்பல் பாறையில் மோதும். பக்கத்துக் கடையின் பெயரையும் நிறத்தையும் கொஞ்சம் மாற்றித் தன் கடைக்கு வைத்துக்கொள்கின்றவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது உயரம். பூமி உருண்டையாக இருப்பதனால், விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தூரத்துக்கு அப்பால் கடலின் வளைவு அதை மறைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 25 மீற்றர் உயரத்திலுள்ள விளக்கில் இருந்து தொடுவானம் சுமார் 18 கிலோமீற்றர். அதை இரண்டு மடங்காக, 36 கிலோமீற்றராக ஆக்க வேண்டுமானால் விளக்கை 100 மீற்றர் உயரத்தில் வைக்க வேண்டும். அதாவது உயரம் நான்கு மடங்கு. பலன் இரண்டு மடங்குதான். விளம்பரத்துக்குச் செலவு செய்கின்றவர்களுக்கு இந்தக் கணக்கு புதியதாக இருக்காது.

வெளிச்சம் மறைந்த விதம்

கொழும்பு வளர்ந்தது. 1906 இல் கார்கில்ஸ் கட்டடம் எழுந்தது. வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் ஹோட்டல்களும் கோட்டைக்குள் மாடிக்கு மேல் மாடியாகக் கட்டின. துறைமுகமும் விரிந்தது. துறைமுகத்தால்தான் இந்தச் செழிப்பு. அந்தத் துறைமுகத்துக்கு வழிகாட்டியது இந்த விளக்கு. தான் கூப்பிட்டு வந்த செழிப்பே தன்னைச் சுற்றிக் கட்டடங்களாக எழுந்து, கடைசியில் தன்னை மறைக்கும் என்று 1867 இல் யார் நினைத்திருப்பார்கள்?

விளக்கு குறைவாக எரியவில்லை. கண்ணாடி துடைக்கப்பட்டது. காவலர் தூங்கவில்லை. கோபுரத்தில் ஒரு கல்லும் விழவில்லை. ஆனாலும், கடலுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் சுவர்கள் வந்துவிட்டன. கோபுரத்துக்குக் கீழே நின்று பார்ப்பவனுக்கு விளக்கு வழமைபோல் எரிவதாகத்தான் தெரியும். குறை தெரிவது கடலில் உள்ளவனுக்கு.

1952 இல் அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். கோபுரத்தை உயர்த்தவில்லை, விளக்கின் பலத்தைக் கூட்டவில்லை, சுற்றியிருந்த கட்டடங்களோடு சண்டைக்கும் போகவில்லை. கடலோரத்தில் கல்பொக்க என்ற இடத்தில் புதிய வெளிச்சவீடு ஒன்றைக் கட்டி, வேலையை அங்கே மாற்றினார்கள். அடிப்பகுதியில் நான்கு சிங்கச் சிலைகளோடு நிற்கின்றதே, அதுதான். அதன் உயரமும் 29 மீற்றர்தான். பழைய கோபுரத்தின் அளவே. வித்தியாசம் நிற்கின்ற இடத்தில் இருந்தது.

பழைய கோபுரத்தை அவர்கள் இடிக்கவும் இல்லை. அதன் மணிக்கூடு தொடர்ந்து ஓடியது. செய்ய முடியாத வேலையை அதனிடமிருந்து எடுத்துவிட்டு, செய்யக்கூடிய வேலையை அதனிடமே விட்டுவைத்தார்கள்.

எங்கள் வாப்பாவின் கடை

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து ரசித்துவிட்டு எழுதவில்லை. இதே கதை எங்கள் வீட்டிலும் நடந்தது.

எங்கள் வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் மொத்தப் புடவைக் கடை இருந்தது. கிழக்கு மாகாணத்தில் இருந்தும் புத்தளத்தில் இருந்தும் மலைநாட்டில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள். 1990களின் நடுப்பகுதியில் வியாபாரம் குறையத் தொடங்கியது. முதலில் மாதத்துக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். பிறகு பெருநாள் சீசனிலும் கடை நிரம்பவில்லை.

வாப்பா காரணம் தேடினார். நாட்டு நிலைமை என்றார். அடுத்த கடைக்காரர் விலையை உடைக்கிறார் என்றார். கண்ணூறு என்றும் வீட்டில் பேச்சு வந்தது. கடைசியில் கடைக்கு மெருகு போதாது என்று முடிவெடுத்தார். உம்மாவின் தங்க வளையல் நான்கையும் விற்று, குழல்விளக்குகள் போட்டு, கண்ணாடி அலுமாரிகள் அடித்து, புதிய பெயர்ப்பலகை மாட்டினார். இரவில் கடை வெள்ளி போலப் பளபளத்தது. உள்ளே நின்று பார்த்த எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆட்கள் வரவில்லை. இப்படியே மூன்று வருடங்கள் போயின.

ஒருநாள் ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது, கல்முனையில் இருந்து முன்பு சாமான் எடுத்த ஒருவர் வாப்பாவைக் கண்டு திகைத்து நின்றார். "காக்கா, நீங்க கடைய மூடிட்டீங்கண்டுதானே சொன்னாங்க? நான் ரெண்டு தரம் வந்து தேடிப் பார்த்திட்டுத்தான் போனேன்" என்றார்.

வாப்பா அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்று மஃரிப் நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போனார். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸால் இறங்கி வரும் பக்கம் நின்று எங்கள் கடையைப் பார்த்தோம். தெரியவில்லை. இடையில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் எழுந்து, அதன் பலகைகள் நடைபாதைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தன. நடைபாதைக் கடைகளின் தார்ப்பாய்கள் மிச்சத்தை மறைத்தன. லொறி ஏற்றும் இடமும் வேறு பக்கம் மாறியிருந்தது. நாங்கள் தினமும் பின்பக்கத் தெருவால் கடைக்குப் போகிறவர்கள். முன்பக்கத்தால் வருகின்றவனுடைய கண்ணால் எங்கள் கடையை மூன்று வருடங்களாக ஒரு தடவையாவது பார்க்கவில்லை.

அடுத்த மாதமே முனையில் ஒரு அரைக் கடையை வாடகைக்கு எடுத்தார். மாதிரித் துணிகளோடு எங்கள் மூத்த நானாவை அங்கே இருத்தினார். பழைய கடை களஞ்சியமாக மாறியது. அல்ஹம்துலில்லாஹ், பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் மூன்று வருடங்களில் வேறு இடம் பழகிவிட்டார்கள். உம்மாவின் வளையல்களும் திரும்பி வரவில்லை. அவர் மௌத்தாகும் வரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வாப்பாவுக்குத்தான் அது கடைசிவரை வலித்தது. "வெளிச்சத்தக் கூட்டினேன் மகன், வழியப் பாக்கல்ல" என்று அவர் என்னிடம் சொன்னதுண்டு.

காலியில் நடந்தது வேறு

வியாபாரம் விழுந்தால் எல்லாவற்றுக்கும் இடத்தை மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. காலியைப் பாருங்கள். அங்கே 1848 இலேயே வெளிச்சவீடு இருந்தது. அக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் தங்கிச் சென்ற பிரதான துறைமுகம் காலிதான். கொழும்பின் அலைதடுப்புச் சுவர் எழுந்த பின்னர் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. காலியின் விளக்கை எந்தக் கட்டடமும் மறைக்கவில்லை. அது நன்றாகத்தான் தெரிந்தது. வருவதற்குத்தான் கப்பல் இல்லை.

கொழும்பில் விளக்கு மறைந்தது. காலியில் கப்பலின் பாதை மாறியது. இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றல்ல. காலியில் விளக்கை எங்கே தூக்கி வைத்தாலும் கப்பல் வந்திருக்காது. காலிக் கோட்டைக்கு நெடுங்காலம் கழித்து வேறு வகையான வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 1988 இல் அது உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் வந்தார்கள். கோட்டைக்குள் இருக்கின்ற நமது சகோதரர்கள் பலர் இன்று மாணிக்கக் கடை, தங்குமிடம், உணவகம் என்று அதே தெருக்களில் தொழில் செய்கிறார்கள். வெளிச்சவீடும் அதன் பக்கத்தில் வெண்மையாக நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் சேர்ந்து வருகின்ற படத்தை எடுக்காமல் எந்தப் பயணியும் திரும்புவதில்லை. இங்கே இடம் மாறவில்லை, சரக்கு மாறியது.

ஆகவே, வியாபாரம் குறைகின்றபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் வாடிக்கையாளர் இன்னும் இந்தப் பக்கம் வருகிறாரா? வருகின்றார், ஆனால் என்னைக் காணவில்லை என்றால் அது கொழும்பு நோய். அவர் இந்தப் பக்கமே வருவதில்லை என்றால் அது காலி நோய். இந்த இரண்டையும் பிரித்து அறியாமல் பணத்தைக் கொட்டினால் எங்கள் வாப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

செய்து பார்க்கக்கூடியவை

முதலாவது, வருடத்துக்கு இரண்டு தடவையாவது வாடிக்கையாளர் வருகின்ற வழியால் நடந்து வந்து உங்கள் கடையைப் பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் இருந்து ஒரு தடவை, வாகனம் நிறுத்தும் இடத்தில் இருந்து ஒரு தடவை. பகலிலும் பாருங்கள்; இரவிலும் பாருங்கள். இப்போதெல்லாம் பாதி ஆட்கள் கையடக்கத் தொலைபேசி வழியாகத்தான் வருகிறார்கள். அதில் உங்கள் கடையின் பெயரைத் தேடிப் பாருங்கள். பழைய தொலைபேசி இலக்கமும் பிழையான இடமும் காட்டினால் அதுவும் ஒரு நான்கு மாடிக் கட்டடம்தான்.

இரண்டாவது, வராமல் போனவர்களிடம் கேளுங்கள். கடைக்கு வருகின்றவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார். வராமல் போன பத்துப் பேரின் பெயரைக் கணக்குக் கொப்பியில் இருந்து எடுத்து, சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, காரணத்தைக் கேளுங்கள். கடன் பாக்கி இருப்பவர் என்றால் அந்தப் பேச்சை அன்று எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, காரணம் தெரியுமுன் செலவு செய்யாதீர்கள். விலைக்குறைப்பும் அலங்காரமும் விளக்கின் பலத்தைக் கூட்டுகின்ற வேலைகள். இடையில் சுவர் இருந்தால் அவற்றால் பயனில்லை. குடும்பத்தின் நகையையும் வீட்டு உறுதியையும் வைத்துச் செய்வதாக இருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுத்து, இன்னும் நான்கு பேரிடம் மஷூரா செய்துவிட்டுச் செய்யுங்கள்.

நான்காவது, இடத்தை மாற்ற வேண்டி வந்தால் பழையதை அவமானமாக நினைத்துக் கைவிட வேண்டாம். மூத்தவர்கள் இருந்த கடை என்ற மரியாதை வேறு. அதில்தான் விற்க வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. கோபுரம் மணிக்கூடாக நின்றதைப் போல, பழைய கடை களஞ்சியமாகவோ பொதி கட்டும் இடமாகவோ இன்னொரு ரூபா உழைத்துத் தரும்.

கடைசியாக ஒன்று. 1952 இல் கடலோரத்துக்குப் போன அந்தப் புதிய வெளிச்சவீட்டுப் பக்கம் இன்று போனால் வேறொரு காட்சியைக் காண்பீர்கள். 2014 இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டத்துக்காக, அதன் அருகிலேயே கடலை நிரப்பி 269 ஹெக்டயர் நிலத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். கடலின் கரை என்று அன்று தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்று புதிய கரை ஒன்று உருவாகியுள்ளது. அங்கும் மாடிகள் எழும். ஒரு தடவை சரியான இடத்தைத் தெரிவு செய்துவிட்டோம், இனிப் பிள்ளைகள் காலம் வரை கவலையில்லை என்று யாரும் இருந்துவிட முடியாது.

அடுத்த தடவை கோட்டைப் பக்கம் போகும்போது அந்தப் பழைய கோபுரத்துக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். பிறகு புறக்கோட்டைக்கு வழமையான பாதையால் திரும்பாமல், உங்கள் வாடிக்கையாளர் வருகின்ற பாதையால் உங்கள் கடைக்கு நடந்து வாருங்கள். எந்த இடத்தில் உங்கள் பலகை கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரது ஹலாலான வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.